மஸ்கட் கிட்ட, மெட்ராஸ்தான் தூரம்

மரக்காணத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வேனில் மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஆகவே மஸ்கட் கிட்ட, மெட்ராஸ்தான் தூரம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இதைச் சொல்லும்போது குரலில் வாதம் இருக்காது. உலையில் அரிசி போட்டாயிற்று என்று தெரிவிப்பவரைப் போலச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். நான் பள்ளியில் படித்த ஆண்டுகள் முழுவதும் இந்தக் கணக்கைக் கேட்டே வளர்ந்தேன். கணக்கு தவறு. அந்த வீட்டில் இப்போது வேறு குடித்தனம் இருக்கிறது.

அவர் கணவருக்கு மஸ்கட்டில் ஏசி பொருத்தும் வேலை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம் அக்கா, "ரெண்டு மாசத்துல என்னன்னு பண்றது, விருந்துக்குப் போவவே சரியாப் போவுது" என்று சிரித்து முடித்துவிடுவார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படி வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவை. மீதிப் பாதி உப்பளத்துக்குப் போகிறவை. எங்களுடையது இரண்டாம் வகை. அப்பா உப்பளத்தில் மூட்டைகளை எடைபோடும் மேடையில் இருந்தார். அம்மா உப்பு வாரினார்.

அக்காவுக்குத் தூரம் என்ற ஒன்று தனியாகக் கிடையாது. எல்லாம் நேரம்தான், அந்த நேரத்துக்கும் ஒரே அலகுதான். கோட்டக்குப்பத்தில் இருந்த அவருடைய தாய்வீடு "அரை மஸ்கட்டு". பாண்டிச்சேரி பேருந்து இரண்டு மூன்று நிற்காமல் போய்விட்டால், "கால் மஸ்கட்டு வேஸ்ட்டாப் போச்சு". திண்டிவனம் ஆஸ்பத்திரியைப் பற்றி இப்படிச் சொல்வார்: "டோக்கன் வாங்கிக்கினு உக்காந்தா, நம்ம பேரு கூப்புடறதுக்குள்ள ஒருத்தன் மஸ்கட்டுல எறங்கி டீயே குடிச்சிருப்பான்."

அம்மா அவரைச் சீண்டுவதுண்டு. "ஏம்மா, கடைக்குப் போறதக்கூட ஃப்ளைட்டுல போற மாதிரியே சொல்றியே?"

"நடந்தா நேரந்தானேக்கா ஆவுது? கிலோமீட்டரு என்ன, கால்லயா ஏறி ஒக்காந்துக்குது?"

ஒருநாள் நான் கைப்பேசியில் பார்த்து, இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று சொன்னேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரோட்டுக்குச் சொல்லு, கேட்டுக்கறேன். ஆகாசத்துல யாரு கல்லு நட்டாங்க?"

இவ்வளவு சொன்னவர் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு வரை போயிருக்கிறார். அந்தக் கதவில் பயணச்சீட்டைக் காட்டுகிறவர் உள்ளே போவார், காட்டாதவர்கள் கையசைப்பார்கள், வேன் திரும்பும். அனுப்பிவிட்டுத் திரும்பும் வேனில் யாரும் பேசுவதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். மாமல்லபுரம் தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்களாம். துக்கத்தில் வந்த தூக்கம் என்று சொல்ல முடியாது. விடியுமுன் எழுந்த அலுப்பு, பிரியாணிப் பொட்டலம் கட்டிய அலுப்பு, அடுத்த இரண்டு ஆண்டை இப்போதே சுமக்கத் தொடங்கிவிட்ட அலுப்பு.

எங்கள் ஊரில் பயணத்துக்கு முந்தைய நாள் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை உப்பளத்துக்குக் கொண்டுபோய் எடைபோடுவார்கள். முப்பது கிலோவுக்கு மேல் போனால் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள். அத்தனை பேர் பார்க்க உள்ளாடையும் ஊறுகாயும் தரையில் பரவுவதை யாரும் விரும்புவதில்லை. ஆகவே உப்பு மூட்டை ஏறும் மேடையில் மஸ்கட் பெட்டியும் தோஹா பெட்டியும் ஏறும். வளைகுடாவில் இறங்கும் பெட்டிகள் பலவற்றின் அடியில் எங்கள் ஊர் உப்பு ஒட்டியிருந்திருக்கும்.

அக்கா கணவருடைய பெட்டி ஏறியபோது ஒருமுறை நானும் அங்கே இருந்தேன்.

"முப்பத்தொண்ணு காட்டுது," என்றார் அப்பா. "கருவாட்ட எடுத்துடும்மா."

"கருவாட்ட எடுத்துட்டா அப்பறம் அவரு மட்டும் எதுக்குண்ணா போறாரு? சட்டைய எடுங்க."

"சட்ட இல்லாம போயி எறங்கச் சொல்றியா?" என்றார் கணவர்.

"அங்க போனா கம்பெனி சட்டதானே. கருவாடு கம்பெனி குடுக்குமா?"

இரண்டு சட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பா அவற்றை நெடுநாள் உடுத்தினார்.

இரண்டேகால் மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பயணச்சீட்டிலிருந்து வந்தது. சென்னையில் காலை ஒன்பதுக்குப் புறப்படும், மஸ்கட்டில் பதினொன்றே காலுக்கு இறங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கும். திரும்பும் சீட்டில், மஸ்கட்டில் பிற்பகல் இரண்டுக்குப் புறப்பட்டு சென்னையில் இரவு ஏழுக்கு வந்து சேரும். அக்கா இரண்டையும் கழித்துப் பார்த்தார். போக இரண்டேகால். வர ஐந்து. மஸ்கட்டின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது என்பதையும், சீட்டில் ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரமே இருக்கும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சீட்டு அச்சிட்டுத் தந்த கடைக்காரருக்கும் அது சொல்லத் தோன்றியிருக்காது.

போவதற்கும் வருவதற்கும் இத்தனை வித்தியாசம் ஏன் என்று கேட்டால், அதற்கும் காரணம் வைத்திருந்தார். "போறப்ப என்ன கொண்டுபோறாங்க? பொடி, கருவாடு, ஒரு குரான். லேசு. வர்றப்ப பாரு, போர்வ, பால்பவுடரு, பேரீச்சம்பழம், சென்ட்டு, யார் யாரு குடுத்து உட்டதோ அத்தினியும். அவ்ளோ கனத்த இழுத்துக்கினு வரணுமில்ல? மெதுவாத்தான் வரும்." எடைமேடையைப் பார்த்துப் பழகிய ஊரில் இந்த விளக்கத்தை மறுக்க ஆளில்லை.

தெருவில் யார் வீட்டு ஆள் மஸ்கட்டுக்குப் பயணம் போனாலும், அன்று காலை அந்த வீட்டுப் பெண் அக்காவின் சமையலறையில்தான் இருப்பாள். வேனில் இடமில்லாமல் நின்றுவிட்டவளாக இருப்பாள், அல்லது மசக்கையோடு இருப்பவளாக. அக்கா அவளுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து விமானத்தை ஓட்டுவார்.

"இந்நேரம் பெல்ட்டு போடச் சொல்லியிருப்பாங்க. ஒன்னோட ஆளுக்குப் போடத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சிரிக்கற பாரு. ஃப்ளைட்டுல நிக்கற பொண்ணு வந்து மாட்டி உடும். மாட்டி உட்டுட்டுப் போறான்னு விடு, என்ன இப்போ."

வெங்காயம் வதங்கும்போது விமானம் மேகத்துக்கு மேல் இருக்கும். பருப்பு வேகும்போது கடலுக்கு மேல். ரசம் நுரைகட்டும்போது, "கரை தெரியுது." மணி பதினொன்றே கால் ஆனதும் அடுப்பை அணைத்து, "எறங்கிட்டாரு" என்று அறிவிப்பார். அந்தப் பெண்ணின் தோள்கள் அப்போது கீழிறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டில் சோறு விழும். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிய பிறகுதான் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வரும். அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது: "பொட்டி பெல்ட்டுல சுத்திச் சுத்தி வர லேட்டாவும்."

பொருள் தேடிப் பிரிதலைப் பற்றி இப்போது கல்லூரியில், சங்கப் பாடல் வகுப்பில் படிக்கிறோம். அந்தப் பாட்டுகளில் வழி மிக நீளம். மலையும் பாலையும் வாடிய மரமும் உண்டு, பிரிந்தவள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். அக்காவுக்கு எண்ண ஒரு மரம்கூட இல்லை. ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு கடிகாரம். நடுவே இருந்ததையெல்லாம் அவரே சமைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு நேர வலயங்கள் பாடம் வந்தது. அன்று மாலையே அக்காவிடம் போனேன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இங்கே பன்னிரண்டே முக்கால் ஆகும்போதுதான் அங்கே பதினொன்றே கால் என்றேன். ஆகவே போகும் நேரம் மூன்றே முக்கால் மணி. திரும்பும் நேரம் மூன்றரை. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வரும்போதுதான் கால் மணி குறைவு. மிகச் சரியாக விளக்கிவிட்ட திருப்தியுடன் நின்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்த ஒன்றரை மணி நேரம்?" என்று கேட்டார்.

"எந்த ஒன்றரை மணி நேரம்க்கா?"

"எறங்கிட்டாருன்னு சொல்லிட்டு நான் சோறு துன்னுவேனே. அப்ப அவரு எங்க இருந்தாரு?"

"ஃப்ளைட்லதான்க்கா. வானத்துல."

"அப்ப நான் நிம்மதியா இருந்தப்பல்லாம் அவரு அந்தரத்துலதான் இருந்தாரா?"

அவர் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத அந்தப் பொண்ணுங்க யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா," என்றார். "ஒன்றரை மணி நேரம் முன்னாடியே எறங்கிட்டாப் போவுது. யாருக்கு என்ன நஷ்டம்?"

நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். "ஆனா வர்றதுக்குக் கம்மின்னு சொன்ன பாரு, அத மட்டும் நான் நம்ப மாட்டேன்."

அதன் பிறகும் அவர் சமையலறையில் விமானங்கள் பதினொன்றே காலுக்குத்தான் இறங்கின.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, உப்பு வாரும் பருவத்தில், ஒரு வியாழக்கிழமை காலை அந்த அழைப்பு வந்தது. அக்கா கணவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த பண்ருட்டிக்காரர் பேசினார். முந்தைய நாள் வேலை முடிந்து வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் செய்தி. அம்மா உப்பளத்திலிருந்து கால் கழுவாமலே ஓடிவந்தார். பாத்திகளில் நின்ற கால். முழங்கால் வரை வெள்ளையாக இருந்தது. நான் அக்காவின் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கியை அழுத்தி அழுத்தி எல்லோருக்கும் கேட்கவைப்பது என் வேலையாயிற்று. கணவரின் அண்ணன் வந்திருந்தார். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வந்து கதவோரம் நின்றார்.

"அக்கா, கம்பெனில ரெண்டும் கேக்கறாங்க," என்றது கைப்பேசி. "ஊருக்கு அனுப்பறதா, இங்கயே அடக்கமான்னு. அனுப்பணும்னா பேப்பருங்க ரெடியாவணும். போலீஸு, எம்பசி, ஆஸ்பத்திரி. ஒரு வாரம் ஆவும், பத்து நாளும் ஆவும். இங்கன்னா நாளைக்கு ஜும்மாவுக்கு அப்பறம் முடிச்சிடலாம். நீங்க சொல்றதுதான்."

"பத்து நாள் ஆனா ஆவட்டும்," என்றார் அண்ணன். "எந்தம்பி இந்த மண்ணுலதான் அடங்கணும். அத்தா பக்கத்துலயே எடம் இருக்குது. பேப்பரு முடிஞ்சி ஃப்ளைட்டுல ஏத்திட்டா இதோ கிட்டதானம்மா. நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

அக்கா கைப்பேசியின் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எதுல ஏத்துவாங்க?"

"கார்கோலக்கா. பொட்டில வெச்சு."

"சாமான் ஏத்தற எடத்துலயா?"

"ஆமாக்கா."

"எடை போடுவாங்களா?"

மறுமுனையில் யாரோ பின்னால் அரபியில் பேசுவது கேட்டது.

"சொல்லு தம்பி. போடுவாங்களா?"

"போடுவாங்கக்கா. பொட்டியோட சேத்து."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரோ ஒருவருக்குச் சமையல் குறிப்புச் சொல்பவரைப் போல நிதானமாகச் சொன்னார். "இத்தினி வருசம் அவரு பொட்டிய நான் எடை போட்டேன். அவர யாரும் எடை போட வேணாம். அங்கயே அடக்கம் பண்ணிடுங்க."

"மொகத்தக்கூட பாக்க வேணாமா?" அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். "நாலு மணி நேரத்துல இருக்குதும்மா. கிட்டதானே."

"இல்ல மச்சான். தூரம்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து மஸ்கட்டுக்காக அன்றுதான் கேட்டேன். ஹஜ்ரத் கதவோரத்திலிருந்து, "பொண்ணு சொல்றபடியே இருக்கட்டும் பாய்," என்றார். அண்ணன் தலையாட்டினார்.

கூட்டம் சற்றுக் கலைந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "அங்க ஒன்றரை மணிக்கு அடக்கம்னு சொல்றாங்க. இங்க எத்தினி மணி?"

"மூணுக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மூணுதான்க்கா."

மறுநாள் சரியாக மூன்று மணிக்கு அக்கா குரானைத் திறந்து யாசீன் ஓதத் தொடங்கினார். அன்று மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக எதையும் முடித்துவிட அவர் விரும்பவில்லை.

நான்கு மாதம் பத்து நாள் இத்தா, கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய துக்கக் காலம். வெளியே வராமல் வீட்டிலேயே இருந்தார். அம்மா தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். வளைகுடாவுக்கு ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பெண்கள் அந்தச் சமையலறைக்கு வருவதில் ஒரு தயக்கம் வந்துவிட்டது. ஒருத்தி மட்டும் வந்தாள். கல்யாணமாகி மூன்றே மாதம், கணவன் அன்று காலைதான் மஸ்கட்டுக்குக் கிளம்பியிருந்தான். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று தெரியாமல் விழித்தாள். அக்கா அவளை உட்காரவைத்துத் தேநீர் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "பெல்ட்டு போட்டிருப்பாங்க" என்று தொடங்கி, அதற்கு மேல் விமானத்தை ஓட்ட முடியாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

இத்தா முடிந்த சில மாதங்களில் அவருக்கு வேலை வந்தது. பண்ருட்டிக்காரர் மூலம்தான். மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல். மளிகைக்கடை அண்ணன் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் உனக்கு ஒரு தட்டுச் சோறு இல்லையா என்றார். "இருக்குது மச்சான். தட்டப் பாத்துக்கினே எத்தினி வருசம் ஒக்காந்திருக்கறது?" என்றார் அக்கா.

பயணத்துக்கு முந்தைய நாள் பெட்டி எடைமேடைக்கு வந்தது. கணவருடைய பழைய பெட்டிதான், ஒரு சக்கரம் இல்லை. அப்பா முள்ளைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் எப்போதும் எரியும்.

"பதினொண்ணுதாம்மா காட்டுது. இன்னும் பத்தொம்பது கிலோ எடம் இருக்குது. எதனா வெச்சுக்க."

"என்னத்த வெக்கறதுண்ணா?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே உப்பைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா வீட்டுக்குப் போய்க் கருவாடு எடுத்துவந்து பெட்டிக்குள் வைத்தார். முள் சற்றே அசைந்தது.

வேனில் நானும் போனேன். கண்ணாடிக் கதவருகே அக்கா சீட்டைக் காட்டினார். உள்ளே போகுமுன் திரும்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்தக் கதவின் இந்தப் பக்கத்தில் நின்று பழகியவர் என்பதால் அசைப்பில் சிறிது தடுமாற்றம் இருந்தது. திரும்பும்போது அம்மா மாமல்லபுரத்துக்கு முன்பே தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பின் மணி பதினொன்றே கால் ஆயிற்று. பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. சிறிது நேரம் கழித்துக் குரல்பதிவு ஒன்று வந்தது.

"எறங்கிட்டேன் பாப்பா. கடியாரத்தப் பாத்துக்கினேதான் வந்தேன். நீ சொன்னதுதான் சரி, மூணே முக்கா மணி நேரம். காலு ரெண்டும் மரத்தே போச்சு. பெல்ட்டு போடத் தெரியல, அந்தப் பொண்ணுதான் வந்து மாட்டி உட்டுச்சு. பொட்டி ஒடனே வந்துடுச்சு, அது பாவம், அது மேலதான் நான் இத்தினி வருசம் பழி போட்டேன். அவரு இருக்கற எடம் இங்கேருந்து கார்ல அரை மணியாம். வெள்ளிக்கெழம கூட்டிக்கினு போறேன்னு சொல்லியிருக்காங்க. அம்மாகிட்ட சொல்லு. அப்பறம், வர்றதுக்குக் கால் மணி கம்மின்னு சொன்ன இல்ல? அத வந்துட்டுச் சொல்றேன்."

நான் பள்ளி முடித்து, பாண்டிச்சேரியில் இளங்கலை முடித்து, இப்போது முதுகலையில் இருக்கிறேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் அக்கா அழைக்கிறார். அடுத்த வருசம் வர்றேன் என்கிறார். என் கணக்கின் இரண்டாம் பாதியை இதுவரை யாரும் சரிபார்க்கவில்லை.